மாஸ்க் ஒரு வேலை, ஒட்சிசன் இன்னொரு வேலை

வன்னி தட்டை நிலம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே கிடக்கின்றன; வவுனியாவும் நூறு மீற்றர் அளவோடு நின்றுவிடுகிறது. அதனால் நித்திரையில் மூச்சு நின்றுபோகும் வருத்தம் உள்ள ஒருவர் இங்கே சிபாப் மெஷின், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்துவைக்கும் பெட்டி, வாங்கும்போது உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. திறக்கவேண்டிய தேவையும் பெரும்பாலும் வருவதில்லை. அது வருவது எங்கள் ஆட்களின் இரண்டு பயணங்களில்தான். ஒன்று மலைநாட்டுப் பயணம். எழுபதுகளில் தோட்டங்களை விட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு இன்றைக்கும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் சொந்தங்கள் இருக்கிறார்கள். கலியாணம், செத்தவீடு, சித்திரை விடுமுறை என்று போக்குவரத்து ஓய்வதில்லை. மற்றது கைலாய யாத்திரை. திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தம் ஆடி வளர்ந்தவர்களுக்கு மானசரோவரிலும் ஒருதரம் மூழ்கவேண்டும் என்ற ஆசை ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும்.

இரண்டு இடங்களிலும் நான் மாஸ்க் போட்டுப் படுத்திருக்கிறேன். கைலாயப் பயணத்தில் அந்த மாஸ்க்குக்குள் ஒட்சிசனையும் சேர்த்து விட்டுப் படுத்திருக்கிறேன். திரும்பி வந்த பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வியை, மாங்குளத்திலிருந்து போன் எடுத்த ஒருவர் கேட்டபடியே தருகிறேன்: "அண்ணை, மேலை போனால் எப்பிடியும் ஒட்சிசன் தருவினம்தானே. பிறகேன் உந்த மெஷினைக் காவிக்கொண்டு திரிவான்? ஒட்சிசனை மட்டும் பிடிச்சால் காணாதோ?" இதையே தலைகீழாகக் கேட்பவர்களும் உண்டு: மெஷின் காற்றை அமுக்கித்தானே தருகிறது, அப்படியானால் உயரத்தை அதுவே சமாளித்துவிடாதா? இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான், சமாளிக்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்லவேண்டும்.

நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்வது எல்லாருக்கும் நடப்பது. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பாகமும் மென்னண்ணமும் பின்னுக்குச் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சை இழுக்கப் போராடுகிறது. காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது. மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்ப, ஒரு பெரிய குறட்டையோடு பாதை திறக்கிறது. பத்து விநாடியாவது நீளும் இத்தகைய தடைகள் மணித்தியாலத்துக்கு 30 ஐ எட்டினால் நோய் கடுமையானது என்று கணக்கு. 1981இல் அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும், காற்றை ஊதும் மோட்டர் ஒன்றை மூக்கு மாஸ்க்கோடு பொருத்தி, அந்தக் காற்றின் அமுக்கமே தொண்டையைச் சரியவிடாமல் தாங்கிப்பிடிக்கும் என்று காட்டினார்கள். இன்றைக்குக் கட்டிலருகே வைத்திருக்கும் சின்னப் பெட்டிகள் எல்லாம் அந்த மோட்டரின் வாரிசுகள். இதில் கவனிக்கவேண்டியது, மெஷின் ஊதுவது அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் என்பது. அதில் ஒட்சிசன் 21 வீதம்; மெஷினுக்குள் போய் வந்த பிறகும் 21 வீதம்.

மலையிலும் அதே 21 வீதம்தான். அங்கே குறைவது வளிமண்டல அமுக்கம். கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீற்றர் இரசம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் 606 அளவு. 4,590 மீற்றரில் இருக்கும் மானசரோவரில் 430 அளவு. கைலாயத்தைச் சுற்றி நடப்பவர்கள் கடக்கும் டோல்மா கணவாயில், அதாவது 5,630 மீற்றரில், கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி. நாம் இழுக்கும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகும்போது நீராவி தன் பங்காக 47 ஐ எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் 21 வீதம்தான் ஒட்சிசனின் அமுக்கம்: கிளிநொச்சியில் ஏறக்குறைய 150, நுவரெலியாவில் 117, மானசரோவரில் 80. இந்த மூன்று எண்களை வாசிப்பவர் மனதில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் இலேசாக விளங்கும்.

வயல் செய்பவர்களுக்கு நான் இதை இப்படிச் சொல்வதுண்டு. மாஸ்க்கும் மெஷினும் செய்வது குளத்தின் துருசை, அதாவது மதகை, திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கும்வரை அது போதும். குளம் வற்றிவிட்டால் துருசை எவ்வளவு திறந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் வராது. குளம் நிரம்பி நின்றாலும் துருசு பூட்டிக்கிடந்தால் அப்போதும் வராது.

மெஷின் காற்றை அமுக்கித் தருகிறதே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. எனக்கு எழுதித்தரப்பட்ட அமுக்கம் 10 சென்ரிமீற்றர் நீர். அதை இரசக் கணக்குக்கு மாற்றினால் ஏழரை மில்லிமீற்றர் கூட வராது. மானசரோவர்க் கரையில் 430 ஆக இருக்கும் அமுக்கத்தோடு இந்த ஏழைக் கூட்டினால், நூற்று முப்பது நூற்று நாற்பது மீற்றர் கீழே இறங்கிப் படுத்ததற்குச் சமம். தொண்டையைத் தாங்கிப்பிடிக்க அது தாராளம். உயரத்தை ஈடுசெய்ய அது எந்த மூலைக்கும் காணாது.

உயரத்தில் இந்த நோய்க்காரர் ஏன் மற்றவர்களைவிடக் கூடுதலாக அடிபடுகிறார் என்பதற்குக் காரணம் இரத்தத்தின் குணத்தில் இருக்கிறது. விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் காட்டும் இரத்த ஒட்சிசன் வீதம் 90க்கு மேலே இருக்கும்வரை மெதுவாகத்தான் இறங்கும். 90க்குக் கீழே வந்துவிட்டால் செங்குத்தாக விழும். கிளிநொச்சியில் 97இல் படுக்கும் ஒருவருக்கு மூச்சு இருபது விநாடி நின்றாலும் இறங்குவதற்கு இடம் இருக்கிறது. 4,500 மீற்றரில், ஒரு நோயும் இல்லாத ஆளே முழித்திருக்கும்போது எண்பதுகளில்தான் இருப்பார். சரிவின் நுனியில் நிற்கும் அந்த நிலையில் அதே இருபது விநாடி நின்றால் வீதம் எங்கே போய் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

மலையில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெரும்பாலானவர்கள் அறியாதது இதுதான், எனக்கும் நெஞ்சு வைத்திய நிபுணர் படம் கீறித்தான் விளக்கினார். ஒட்சிசன் குறைந்ததை உணர்ந்த உடம்பு மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் எடுக்கத் தொடங்குகிறது. அப்படி எடுக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. நித்திரையில் மூச்சை முடுக்கிவிடுவது முக்கியமாகக் காபனீரொட்சைட்டுத்தான். அது ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும் "மூச்சு எடு" என்ற கட்டளையே மூளையிலிருந்து வருவதில்லை. தொண்டை திறந்தே இருக்கிறது, நெஞ்சு அசையாமல் கிடக்கிறது. பிறகு காபனீரொட்சைட்டு சேர, ஒட்சிசன் விழ, மறுபடி பெருமூச்சு. அரை நிமிடத்துக்கு ஒருதரம் என்ற அளவில் இது இராமுழுக்கச் சுற்றும். பக்கத்தில் படுத்திருப்பவர் பார்த்தால், மூச்சு நாலைந்து தரம் பெருத்துப் பெருத்து வந்து, பிறகு தேய்ந்து, ஒன்றுமே இல்லாமல் போய், திரும்பத் தொடங்குவதாகத் தெரியும். இதை மத்திய வகை மூச்சுநிறுத்தம் என்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான மலையேறிகளுக்கும் இது வரும். இதற்கு மாஸ்க்கால் செய்யக்கூடியது மிகக் குறைவு. திறந்திருக்கும் பாதையை மறுபடி திறந்து என்ன பயன்?

நுவரெலியாவில் உறவுக்காரர் வீட்டில் படுத்தபோது இதன் சாயலை மெஷினின் திரையிலேயே கண்டேன். காலையில் அது காட்டும் தடைகளின் எண் வீட்டில் இரண்டு மூன்றோடு நிற்கும்; அங்கே இரட்டித்திருந்தது. கூடிய தடைகளில் பெரும்பகுதியை "பாதை திறந்திருந்த தடை" என்ற வகையில் மெஷின் போட்டிருந்தது. மூச்சு நின்றதும் சின்னச் சின்ன அமுக்க அதிர்வுகளை உள்ளே அனுப்பி, அவை திரும்பிவரும் விதத்தை வைத்துப் பாதை அடைபட்டிருக்கிறதா இல்லையா என்று அது கண்டுபிடிக்கிறது. ஆனால் ஒக்சிமீற்றர் முழித்திருக்கையில் 94, 95 காட்டியது. காலையில் தலையிடி இல்லை. ஆகவே அங்கே ஒட்சிசன் தேவைப்படவில்லை. எனக்குக் குளிர்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. மெஷினோடு சேர்ந்த ஈரப்பதமாக்கியிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த குழாயில் தண்ணீராகி, நடுச்சாமத்தில் மூக்குக்குள் கொடகொடவென்று வந்தது. குழாயைப் போர்வைக்குள் இழுத்து வைத்ததோடு அது நின்றது.

நுவரெலியாவை ஒத்த உயரத்தில் இது முறையாகவே ஆராயப்பட்டிருக்கிறது. தாழ்நிலத்தில் வாழும் நித்திரை மூச்சுத்தடை நோயாளிகளைச் சுவிட்சர்லாந்தில் 1,860 மீற்றரிலும் 2,590 மீற்றரிலும் மெஷின் இல்லாமல் படுக்கவைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒட்சிசன் இறங்கியதோடு தடைகளும் கூடின; கூடியவை பெரும்பாலும் மத்திய வகை. அதே ஆய்வுக்குழுவினர் 2012இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மெஷினோடு படுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அசெற்றசோலமைட்டும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மெஷினும் மருந்தும் சேர்ந்தவர்களுக்கே ஒட்சிசன் மட்டம் மேலாகவும் தடைகள் குறைவாகவும் இருந்தன. அசெற்றசோலமைட்டு என்றால் பயப்படத் தேவையில்லை. கண் அமுக்கத்துக்கு எழுதிக்கொடுக்கும் டயமொக்ஸ்தான் அது. சிறுநீரகம் இருகாபனேற்று என்ற காரப் பொருளை வெளியேற்ற அது வழி செய்கிறது. இரத்தம் சற்று அமிலப் பக்கம் சாய்கிறது. மூளை மூச்சை நிறுத்தும் எல்லை தள்ளிப்போகிறது. விரல் நுனிகள் விறுவிறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் வாயில் சப்பென்றிருக்கும். சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரக வருத்தக்காரரும் டொக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களும் கேட்டுத்தான் தொடவேண்டும்.

இனி ஒட்சிசன். உயரத்தில் அது இரண்டு காரியம் செய்கிறது. இரத்தத்தின் வீதத்தை அந்தச் சரிவின் நுனியிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. தூக்கிவிட்டதும் உடம்பு மிகைமூச்சு எடுப்பதை நிறுத்துவதால் அரைநிமிடச் சுற்றும் அடங்குகிறது. அது செய்யாத காரியம், சரிந்த தொண்டையைத் திறப்பது. மாங்குளத்து அண்ணைக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒட்சிசனை மட்டும் மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் ஒக்சிமீற்றர் நல்ல எண் காட்டக்கூடும். ஆனால் தொண்டை அடைபடுவது அடைபட்டுக்கொண்டே இருக்கும். ஒட்சிசன் விழவில்லை என்பதால் மூளை எழுப்பவும் தாமதிக்கும். தடைகள் நீளும், காபனீரொட்சைட்டு சேரும். எண் மட்டும் வடிவாக இருக்கும் ஆபத்து இது, அதனால்தான் வெளியே தெரிவதில்லை.

மாஸ்க்குக்குள் ஒட்சிசனைக் கலப்பதற்கு ஒரு சின்ன இணைப்பு போதும். விரல் நீளமும் இல்லாத பிளாஸ்ரிக் துண்டு. இரண்டு பக்கமும் பெரிய வாய், பக்கவாட்டில் ஒரு சின்ன முலை. பெரிய வாய் ஒன்றை மெஷினின் வெளிவாயிலில் செருகி, மற்றதில் வழமையான குழாயைப் போட்டு, பக்கத்து முலையில் ஒட்சிசன் குழாயைத் திருகித் தள்ளவேண்டும். வெப்பக் கம்பி ஓடும் குழாய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் குழாயின் மெஷின் பக்கத்து முனையில் மின்தொடுப்பு இருப்பதால் இந்தத் துண்டு அங்கே சரிவராது. மாஸ்க் பக்கத்து முனையில் போடவேண்டும், அல்லது சாதாரணக் குழாய் ஒன்றைக் கொண்டுபோகவேண்டும். படுப்பதற்கு முன் ஒட்சிசன் குழாயின் நுனியை ஒரு கோப்பைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பேன். குமிழி வந்தால் வருகிறது. அளவு காட்டும் கருவி 2 என்று காட்டிக்கொண்டிருக்க, குழாய் கட்டில்காலின் கீழ் நசுங்கிக் கிடந்து ஒரு குமிழியும் வராததை அந்தக் கோப்பைதான் காட்டித்தந்தது.

எவ்வளவு கலந்தால் எவ்வளவு கிடைக்கும்? மூக்கில் மாட்டும் குழாயின் கணக்கு இங்கே பொருந்தாது. வெளிவிடும் மூச்சு போவதற்காக மாஸ்க்கில் துளைகள் உண்டு. 10 சென்ரிமீற்றர் அமுக்கத்தில் அவற்றால் நிமிடத்துக்கு 30 லீற்றர் அளவு காற்று ஓயாமல் வெளியேறும். அதற்குள் 2 லீற்றர் ஒட்சிசன் விழுந்தால் கலவை 21 வீதத்திலிருந்து 26 வீதம் அளவுக்குத்தான் உயரும். மாஸ்க் ஓரத்தால் கசிந்தால், அல்லது வாய் திறந்துகொண்டால், அதிலும் குறையும். மெஷினின் அமுக்கம் கூடினாலும் துளைகளால் போவது கூடி, கலவை நீர்த்துப்போகும். ஐந்து வீதம் அற்பமாகத் தோன்றலாம். முன்னே சொன்ன எண்களோடு வைத்துப் பாருங்கள். மானசரோவரில் 80 ஆக இருந்த ஒட்சிசன் அமுக்கம் 26 வீதத்தில் 100 ஆகிறது. 3,000 மீற்றரில் ஒட்சிசன் இல்லாமல் படுப்பதற்கு அது சமம். 4 லீற்றர் விட்டால் 31 வீதம் அளவு, 118. படுத்திருப்பது நுவரெலியாவில் என்றே உடம்பு எண்ணிக்கொள்ளும். இவை வீட்டுக் கணக்குகள். ஒவ்வொருவருக்கும் எத்தனை லீற்றர் என்பதை டொக்டர் எழுதவேண்டும், ஒக்சிமீற்றர் சரிபார்க்கவேண்டும். குளிரில் விறைத்த விரலில் ஒக்சிமீற்றர் பொய் சொல்லும். விரலைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டவேண்டும்.

ஒழுங்கு ஒன்று உண்டு, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. முதலில் மெஷினைப் போட்டுக் காற்று வரத் தொடங்கிய பிறகே ஒட்சிசனைத் திறக்கவேண்டும். காலையில் ஒட்சிசனை மூடிய பிறகே மெஷினை நிறுத்தவேண்டும். நின்றுபோன மெஷினுக்குள் ஒட்சிசன் போய்த் தேங்கினால், உள்ளே மின்சுற்றும் மோட்டரும் இருப்பதால், அது தீப்பிடிக்கும் நிலைமை. சில மெஷின்களுக்கு இதற்கென்றே ஒரு தடுக்கிதழ் போடச் சொல்கிறார்கள், கைநூலைப் பார்க்கவேண்டும். யாத்திரைக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. அதிகாலையில் அறைக்குள்ளேயே கற்பூரம் கொளுத்திப் பூசை செய்யும் பக்தர்களிடம், "ஐயா, இந்த அறையில் வேண்டாம்" என்று சொன்னால் நாத்திகனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். குளிரில் வெடித்த உதட்டுக்கு வாசலினோ தேங்காயெண்ணெயோ பூசுவதும் ஒட்சிசன் பாயும் முகத்துக்கு ஆகாது. தண்ணீரில் கரையும் களிம்புதான் பாவிக்கவேண்டும்.

ஒட்சிசனை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். தோளில் தொங்கும் சின்னக் கருவிகளில் பல, ஆள் மூக்கால் இழுக்கும் தருணத்தை உணர்ந்து அப்போது மட்டும் ஒரு துளி விடுபவை. மாஸ்க்கின் ஓயாத காற்றோட்டத்தில் அந்த இழுவையை அவற்றால் உணர முடியாது. சிபாப்போடு சேர்ப்பதற்கு நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று தொடர்ந்து விடும் வகையே வேண்டும். வாங்குவதற்கு முன் கேட்கவேண்டிய முதற்கேள்வி அது. யாத்திரைப் பாதைக் கடைகளில் விற்கும் வாசனைத் தகரக் குப்பிகளைப் பற்றி ஒரு வரி போதும்: பத்து லீற்றர்க் குப்பி, நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் ஐந்து நிமிடம். கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரிகளில் பார்த்த பெரிய ஒட்சிசன் செறிவூட்டி அறையில் வைப்பதற்கு நல்லது. உள்ளே இருக்கும் சியோலைற்று மணிகள் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக்கொள்ள, ஒட்சிசன் மிஞ்சி வரும். ஆனால் பல மாதிரிகளின் கைநூல் 3,000, 4,000 மீற்றர் என்று எல்லை போடுகிறது. அதற்கு மேலே எடுக்கும் காற்றே மெலிந்ததால் தூய்மை இறங்கும். மெஷினுக்கும் எல்லை உண்டு. பழைய மாதிரிகள் உயரத்தை அறியாமல் எழுதித்தந்த அமுக்கத்தைவிடக் குறைவாக ஊதும். புதியவை தாமே திருத்திக்கொள்ளும், ஆனால் பலவற்றில் அந்த உறுதி 2,500 மீற்றரை அண்டிய உயரத்தோடு முடிகிறது. அதற்கு மேலே மெஷின் ஓடாமல் நின்றுவிடாது. சொன்ன அமுக்கம் அப்படியே வரும் என்று உற்பத்தியாளர் பொறுப்பெடுக்கமாட்டார் என்பதே பொருள்.

மின்சாரக் கணக்கை வன்னி ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. தடைக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஐந்து லீற்றர்ச் செறிவூட்டி ஏறக்குறைய 350 வாற்று எடுக்கும். விமானத்தில் கைப்பையில் தடையில்லாமல் கொண்டுபோகக்கூடிய லிதியம் பற்றரி 100 வாற்று மணித்தியாலம். அந்தப் பற்றரியில் செறிவூட்டி கால்மணித்தியாலம் சொச்சம் ஓடும். சிபாப்போ, ஈரப்பதமாக்கியை நிறுத்திவிட்டால், அதே பற்றரியில் பெரும்பாலும் ஓர் இரவைக் கடத்திவிடும். ஆகவே மெஷினுக்குப் பற்றரி, ஒட்சிசனுக்குச் சிலிண்டர் என்று பிரித்துவிடுவதே புத்தி. சிலிண்டரை விமானத்தில் ஏற்றவிடமாட்டார்கள். போகும் நாட்டில் யாத்திரை முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். உள்ளளவு 10 லீற்றர், நிரப்பிய அமுக்கம் 150 பார் என்றால் 1,500 லீற்றர் ஒட்சிசன். 2 லீற்றர் வீதம் எட்டு மணித்தியாலத்துக்கு 960. ஒன்றரை இரவு வரும். இந்தப் பெருக்கலை முகவர் செய்யமாட்டார், "சிலிண்டர் இருக்கும் ஐயா" என்பதோடு நிறுத்திவிடுவார்.

கைலாயப் பாதையில் எனக்கு உயரத்தைவிட உயரம் ஏறிய வேகமே மோசமாகத் தோன்றியது. 3,000 மீற்றருக்கு மேலே படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. காத்மாண்டு 1,400 மீற்றர். எல்லை தாண்டியதும் வரும் கேருங் 2,800 ஐ அண்டியது. அடுத்த படுக்கை 4,500 ஐ ஒட்டிய சாகா. ஒரே பகலில் ஆயிரத்து எழுநூறு மீற்றர்ப் பாய்ச்சல். கேருங்கில் கூடுதலாகத் தங்கவைக்கும் பயண ஒழுங்கைக் கேட்டு வாங்குவது எந்தச் சிலிண்டரையும்விடப் பெறுமதி. சாகாவிலும் ஏரிக்கரையிலும் நான் டொக்டர் சொன்ன அளவில் ஒட்சிசனை மாஸ்க்குக்குள் விட்டுப் படுத்தேன். ஏரிக்கரை விடுதியில் இரவு ஒரு நேரத்துக்குப் பிறகு ஜெனரேற்றரை நிறுத்திவிடுவார்கள் என்பதை விடுதிக்காரர் அதை நிறுத்தப் போகும்போதுதான் சொன்னார். பற்றரி இருந்தது, சிலிண்டர் இருந்தது. ஈரப்பதம் மட்டும் இல்லை, காலையில் தொண்டை காய்ந்து கரகரத்தது. பக்கத்து அறையில் ஒருவர் செறிவூட்டியை மட்டும் நம்பியிருந்தார். அவருக்கு அந்த இரவு உட்கார்ந்தபடியே போயிற்று.

அங்கே எழும்பும் தலையிடியை "எனக்கு நித்திரை வருத்தத்தில் வழமையாக வருவதுதான்" என்று தள்ளிவிடக்கூடாது. இந்த நோய்க்கும் காலைத் தலையிடி உண்டு, மலைநோய்க்கும் உண்டு. உயரத்தில் அதை மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். சத்தியெடுப்பு, தள்ளாட்டம், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்குதல் என்று வந்தால், ஒட்சிசன் உதவுவது மலையை விட்டுக் கீழே போய்ச்சேரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே; உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான். மதுவும் நித்திரைக் குளிசையும் தொண்டையைத் தளர்த்தி மூச்சையும் மந்தமாக்குபவை, அவை கூடவே கூடாது. சுற்றி நடக்கும் வலத்துக்கு நான் போகவில்லை, மலையடிவாரத்துத் தார்ச்செனில் நின்றுகொண்டேன். தேய்ந்து தேய்ந்து ஊர்ந்துபோன அப்பரையே திருவையாற்றுக்குத் திருப்பி அனுப்பிய மலை அது; எனக்கென்ன வெட்கம்.

ஒட்சிசன் எல்லாருக்கும் ஒத்துவரும் என்று இதை வாசிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடாது. நெடுங்காலம் புகைத்து நுரையீரல் கெட்டவர்களுக்கும், உடல் பருத்துப் பகலிலேயே காபனீரொட்சைட்டு தேங்கியிருப்பவர்களுக்கும், அளவில்லாமல் விடும் ஒட்சிசன் அந்தத் தேக்கத்தைக் கூட்டிவிடும். அவர்களுக்கு நாடி இரத்தத்தில் வாயு அளந்து பார்த்த பிறகே லீற்றர்க் கணக்கு எழுதவேண்டும். நுரையீரல் நாடியில் அமுக்கம் உயர்ந்தவர்களுக்கு, உயரத்தில் ஒட்சிசன் குறையும்போது அந்த நாடிகள் மேலும் சுருங்கும். இதயத்தின் வலப்பக்கம் தாங்காது. இதெல்லாம் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடியவை. விமான அறையின் அமுக்கமே 2,400 மீற்றர் உயரம் வரைக்கும் ஒத்ததாக இருக்கக்கூடும், அதாவது நுவரெலியாவுக்கும் மேலே. ஆகவே இப்படியானவர்கள் மலைக்கு முன்னர் விமானப் பயணத்தைப் பற்றியே டொக்டரிடம் கேட்கவேண்டும்.

மாங்குளத்து அண்ணைக்கும் இதையே சொன்னேன். அவர் பீடி விட்டுச் சில காலம்தான் ஆகிறது. எக்கோ எடுத்தார், நுரையீரல் நாடியின் அமுக்கம் கூடியிருந்தது, கைலாயத்துக்குக் கையெழுத்து வைக்க டொக்டர் மறுத்துவிட்டார். மலைநாடு போகலாம், மெஷின் இல்லாமல் ஒரு இரவும் படுக்கக்கூடாது, ஒக்சிமீற்றர் நித்திரையில் 88க்குக் கீழே நின்றால் இறங்கி வரவேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். போன மாதம் நுவரெலியாவுக்கு அருகே இருக்கும் சீதாஎலியக் கோயிலுக்கு மெஷினையும் காவிக்கொண்டு போய்வந்திருக்கிறார். இப்போது குழாயில் தண்ணீர் வருவதற்கு என்ன செய்வது என்று கேட்டுப் போன் எடுக்கிறார்.